ஆயா ஒளித்து வைத்த தண்ணீர்ச் சொம்பு

அம்மா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு எவர்சில்வர் சொம்பு இருக்கும். 2024 மே மாதத்தில் பாதி நாள் அந்தச் சொம்பைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

அந்த ஏப்ரல் கடைசியில் எனக்குப் பையன் பிறந்தான். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. அம்மா பிறந்ததும் அங்கேதான், நான் பிறந்ததும் அங்கேதான். வடசென்னையில் யாரைக் கேட்டாலும் வீட்டுக்கு ஒருவராவது அங்கே பிறந்திருப்பார்கள். கல்மண்டபம் தாண்டி உள்ளே போகும் சந்தில் அம்மா வீடு. மாடியில் ஷீட் போட்ட ஒரே அறை. டிஸ்சார்ஜ் ஆகி வந்த சில நாளிலேயே அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு ஷீட்டுக்குக் கீழே படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வெயிலில் எனக்குக் கிடைத்த தண்ணீர், வேளைக்கு அரை டம்ளர் சுக்கு வெந்நீர். ஆயாவின் சட்டம் அது. அம்மாவின் அம்மாவை நாங்கள் ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.

"பச்ச ஒடம்பு கண்ணு. தண்ணி குடிச்சா வயிறு பானை மாதிரி ஆயிடும். புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும். ஆறு பெத்தவ சொல்றேன், கேளு."

ஆறு பெற்றவளிடம் ஒன்று பெற்றவள் என்ன வாதாடுவது? சொம்பு ஃபிரிட்ஜ் மேல் போனது. தையல் போட்ட உடம்போடு எட்டி எடுக்க முடியாத உயரம். பையன் வாயை வைத்த அரை நிமிடத்தில் எனக்கு நாக்கு வறண்டுவிடும். பால் இறங்கும்போது தாகம் எடுப்பது உடம்பின் இயல்பு என்று அப்போது தெரியாது. எனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் மலச்சிக்கல். தையலோடு மலச்சிக்கல் என்றால் என்ன என்பதை இதற்குமேல் எழுதப்போவதில்லை.

ஆறாம் நாள் குழந்தையைக் காட்டப் போனபோது அங்கிருந்த சிஸ்டர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. "யூரின் என்ன கலர்ல போகுதும்மா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் நேராக ஆயாவிடம் திரும்பி, "பாட்டிம்மா, தாய்ப்பால்ல நூத்துக்கு எண்பத்தேழு பங்கு தண்ணிதான். இந்தப் பொண்ணு எங்கிருந்து கொண்டு வரும்?" என்றார். ஆயா பல்லில்லாத வாயால் அழகாகச் சிரித்து, "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சொம்பு பழைய இடத்துக்கே போனது.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் குழந்தைத் துணிப் பையில் ஒரு லிட்டர் பாட்டிலை மறைத்து எடுத்து வருவார். சாராயம் கடத்துகிற மாதிரி தண்ணீர் கடத்தினோம்.

அந்த ஒரு மாதம் பாலைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை, சொல்லாத ஆள் இல்லை. அவரவர் சொன்னதை எல்லாம் பின்னால் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் சரிபார்த்தேன். மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் கணக்கெழுதுகிற வேலை எனக்கு. எதையும் வரவு செலவாகப் பார்க்கிற புத்தி. அப்படிப் பார்த்தபோது புரிந்த விஷயம் இது: பால் ஒரு பிடிவாதமான கணக்கு. தன் பக்கத்து வரவைக் குறையவிடாது. தாய் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 100 மில்லியில் சுமார் 7 கிராம் சர்க்கரை, மூன்றரை நாலு கிராம் கொழுப்பு, ஒரு கிராம் புரதம் என்று கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். குறைகிறதை அம்மாவின் உடம்பிலிருந்து எழுதிக்கொள்ளும். வீட்டில் ஆளாளுக்கு "குழந்தைக்கு ஆகாது, குழந்தைக்கு ஆகாது" என்று சொல்லி என் தட்டிலிருந்து எடுத்ததெல்லாம் பெரும்பாலும் என் எலும்பிலிருந்தும் இரத்தத்திலிருந்தும்தான் போயிருக்கிறது.

சில சத்துகள் மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பச்சை பாக்கெட் கதை.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு அத்தை வந்தார். மார்பு கட்டிக்கொண்டு வலித்ததால் கொஞ்சம் பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தவர், "இன்னாடி இது, நீலமா தண்ணியாட்டம் இருக்கு? ஆவின் பச்சை பாக்கெட் எப்படி இருக்கும்!" என்று உதட்டைப் பிதுக்கினார். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். நான் என்ன மட்டமான பாலா கொடுக்கிறேன்?

பச்சை பாக்கெட்டில் கொழுப்பு நாலரை சதவீதம். மாட்டுப்பாலில் புரதம் நம் பாலைவிட மூன்று மடங்கு. கன்றுக்குட்டி சீக்கிரம் மாடாக வேண்டும், அதற்கு அது வேண்டியிருக்கிறது. மனிதக் குழந்தை மெதுவாக வளர்கிறது, அதற்கு ஒரு கிராம் போதும். அந்தப் புரதம்தான் பாலுக்குக் கெட்டியான வெள்ளை நிறத்தைத் தருவது. அதுவும் இல்லாமல், ஊட்டத் தொடங்கும்போது வருகிற பாலில் கொழுப்பு குறைவு. மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடும். நான் பீய்ச்சி வைத்தது முதலில் வந்தது. நீலமாகத்தான் இருக்கும். இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அத்தைக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

அத்தை போட்ட விதைதான் அப்புறம் பால் பவுடர் டப்பாவாக முளைத்தது. சாயங்காலம் ஆனால் பையன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுது மார்பைத் தேடுவான். "பால் பத்தல" என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மறுபடி அதே சிஸ்டர்தான் காப்பாற்றினார். பிறந்த முதல் சில நாள் எடை கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். திரும்பியிருந்தான், கூடவே 150 கிராம். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போனால் பால் போதுமான அளவு போகிறது என்று அர்த்தம். எங்கள் மாடிக் கொடியில் காய்ந்த துணியே சாட்சி. சாயங்காலம் அடிக்கடி குடிப்பது நிறையக் குழந்தைகள் செய்வது. குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். காலியாகாத மார்பு, போதும் என்று உற்பத்தியைக் குறைத்துவிடும். பவுடர் பால் ஒரு வேளை கொடுத்தால் அந்த ஒரு வேளை மார்பு காலியாகாது. அடுத்த நாள் உண்மையிலேயே பால் குறையும். டப்பா தன் வாடிக்கையாளரைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. டப்பாவைத் திறக்கவில்லை. மருத்துவக் காரணத்துக்காகக் கொடுக்க வேண்டிய தாய்மார்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை.

பால் சுரக்க வைக்கிற உணவு என்று வந்தால் எங்கள் ஏரியாவில் ஒரே ராஜா. பால் சுறா.

அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்தவள். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போய் ஏழு மணிக்குக் கூடையோடு தெருவுக்குள் வருவாள். அவளுக்கே அந்த மாதம் பால் சுறா கிடைக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். ஃபைபர் போட்டில் போகிறவர்கள் கொண்டுவருகிற நெத்திலி, கவலை, காரப்பொடி என்கிற சின்ன மீன்கள்தான் மார்க்கெட்டில். பெரிய மீனெல்லாம் கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆயாவுக்கு இது பெரிய மானப் பிரச்சினை. காசிமேட்டில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறா புட்டு இல்லையா? நாலு பேரிடம் சொல்லி வைத்து, இரண்டு வாரம் கழித்து முழங்கை நீளத்தில் ஒன்றை வாங்கிவிட்டாள்.

ஆயாவின் சுறா புட்டை எழுதாமல் விட்டால் பாவம். மஞ்சள் போட்ட வெந்நீரில் வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, சதையைப் பூப்போல உதிர்ப்பாள். நல்லெண்ணெயில் ஒரு கை பூண்டு, அதே அளவு சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் கொஞ்சம், மிளகு நிறைய. அடுப்பை மெதுவாக வைத்து ஈரம் சுண்டும்வரை கிளறுவாள். சந்து முழுக்க வாசனை போகும். பத்தியச் சாப்பாட்டில் நான் வயிறார சாப்பிட்ட ஒரே நாள் அது. அன்று சாயங்காலம் பால் பொங்கியது என்று ஆயா ஊரெல்லாம் சொன்னாள்.

இந்த மீன் பால் கூட்டும் என்கிற நம்பிக்கை நம் கரையோரத்தில் ரொம்பப் பழசு. ஆங்கிலத்திலும் இதற்கு மில்க் ஷார்க் என்றுதான் பெயர். ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்கிற இனம். கடலில் இருக்கிற பாதரசம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி ஏறி, மேலே இருக்கிறவற்றின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க உணவு மருந்துத் துறை கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்கச் சொல்கிற மீன்களில் சுறாவும் உண்டு. பாதரசம் வளர்கிற மூளைக்கு நல்லதில்லை. முழங்கை நீளக் குட்டியில் அவ்வளவு சேர்ந்திருக்காது, ஒரு நாள் சாப்பிட்டதற்குப் பயப்படவும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. வாரா வாரம் வேண்டாம், தடைக்காலத்தில் கிடைக்கிற சின்ன மீனே போதும் என்றார்.

எனக்குப் பிடித்த பதில் அது. ஏனென்றால் கவலை, நெத்திலி, கானாங்கெளுத்தி எல்லாம் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் வலையில் விழுகிற மீன்கள், பாதரசம் சேர நேரமில்லை. அதோடு குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.ஹெச்.ஏ. என்கிற கொழுப்பு இவற்றில் நிறைய. பாலில் கொழுப்பின் மொத்த அளவு தாயின் சாப்பாட்டால் பெரிதாக மாறுவதில்லை, ஆனால் அது என்ன வகைக் கொழுப்பு என்பது மாறும். தாய் மீன் சாப்பிட்டால் பாலில் டி.ஹெச்.ஏ. கூடும். ஏழை மீன் என்று ஓரம் தள்ளுகிற கவலைக்கு வஞ்சிரத்தைவிடத் தகுதி அதிகம் என்று அம்மாவிடம் சொன்னேன். "அது தெரிஞ்சா கவலையும் வெலை ஏறிடும், வாய மூடு" என்றாள்.

மீனிலும் அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது எல்லோருக்கும் நினைவிருக்கும். எண்ணூர்ப் பக்கத்து உறவுக்காரர்களின் வலையும் படகும் கறுப்பாக நின்ற படங்களைப் பார்த்திருந்தாள். அதனால் முகத்துவாரத்து இறாலும் நண்டும் வீட்டுக்குள் வரக்கூடாது, கடல் மீன் மட்டும்தான். ஆயாவின் எந்தச் சட்டத்தையும்விட இந்தச் சட்டத்தை நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, பிரசவ மருந்து உருண்டை. பால் ஊற இவையெல்லாம் நடந்தன. கீரை நல்ல சாப்பாடு, அதில் சண்டை இல்லை. வெந்தயத்தில் ஒரு வேடிக்கை: ஆயா கொடுத்த வெந்தயக் களியில் பத்து நாளில் என் வியர்வையே பாகு காய்ச்சின மாதிரி மணத்தது. பையன் தலையிலும் அதே வாசம். வெந்தயத்துக்கு அந்தக் குணம் உண்டாம். கழுதைப் பால் ஒரு சங்கு புகட்ட வேண்டும் என்று தெருவில் வந்தவனை ஆயா நிறுத்தியபோது மட்டும் என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டார். காய்ச்சாத பால், ஒரு மாதக் குழந்தை. நடக்காது. பிறந்த அன்று தேன் தொட்டு வைக்க வந்த கையையும் அவர்தான் தடுத்தார். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குடலில் வளர்ந்து நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கலாம். அரிதுதான், ஆனால் வந்தால் பெரிய ஆபத்து. அவர் அதிகம் பேசாத ஆள். அந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை குரலை உயர்த்தினார் என்றால் இந்த இரண்டுக்கும்தான்.

பூண்டுக்கு ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. 1991இல் அமெரிக்காவில் ஜூலி மெனெல்லா, கேரி பியூசாம்ப் என்ற இரண்டு பேர் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் பாலின் மணமே மாறியது. குழந்தைகள் முகம் சுளிக்கும் என்றுதானே நினைப்போம்? வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் இருந்தன, அதிகம் சப்பின. அதிகம் சப்பினால் அதிகம் சுரக்கும் என்பதால் ஆயாவின் பூண்டுக்குப் பாதி மார்க் போடலாம் என்பது என் சொந்தக் கணிப்பு. அதே மெனெல்லா 2001இல் கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்தார். திட உணவு ஆரம்பித்தபோது கேரட் மணமுள்ள கூழை அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட எளிதாக ஏற்றுக்கொண்டன. பால் வழியாகவே நம் சமையலறை குழந்தைக்கு அறிமுகம் ஆகிவிடுகிறது.

இதைப் படித்த அன்றுதான் அத்தோ ஆசையை அடக்க முடியாமல் போனது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் இந்தப் பக்கத்துக்குக் கொடுத்த வரம் அது. பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டியில், நூடுல்ஸில் பச்சை முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய் எல்லாம் போட்டு கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பத்தியக் கண்ணோட்டத்தில் அதில் இருக்கிற ஒவ்வொன்றும் குற்றம்: கோஸ் வாயு, புளி ஆகாது, காரம் சூடு. இரண்டாவது மாதம் வீட்டுக்காரர் ஒரு பொட்டலத்தைத் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துக் கடத்தி வந்தார். சாப்பிட்டேன். பையன் குடித்துவிட்டுத் தூங்கினான். மறுநாள் காலை பச்சையாக மலம் போனான். அவ்வளவுதான், பொட்டலக் காகிதத்தை ஆயா கண்டுபிடித்துவிட்டாள். நான் தாயே இல்லை என்கிற வரைக்கும் பேச்சு போனது.

நன்றாகக் குடித்து நன்றாக எடை ஏறுகிற குழந்தையின் மலம் மஞ்சளிலிருந்து பச்சை வரைக்கும் நிறம் மாறுவது சகஜம். கோஸின் நார்ச்சத்தைக் குடல் கிருமிகள் நொதிக்க வைப்பதால் என் வயிற்றில்தான் வாயு வரும். அந்த வாயு இரத்தத்தில் ஏறிப் பாலுக்குள் போகாது. அடுத்த வாரம் மறுபடி அத்தோ சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அதே போலத்தான் சளியும். சளி வைரஸால் வருவது. நான் குடித்த மோரோ இளநீரோ பாலில் இறங்கி அவன் மூக்கில் ஒழுகாது. எங்கள் வீட்டில் பையனுக்கு முதல் சளியைக் கொடுத்தது மோர் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே முத்தம் கொடுத்த சித்தப்பா.

தாய் சாப்பிடுவது குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது அறவே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. மாட்டுப்பால் புரதம் கொஞ்சம் தாய்ப்பாலுக்குள் வரும். ஒரு சில குழந்தைகளுக்கு அது ஒவ்வாமல் மலத்தில் இரத்தக்கோடு, தோலில் தடிப்பு, விடாத வாந்தி என்று காட்டும். அப்போது டாக்டர் சொல்லித் தாய் சில வாரம் பால், தயிர் எல்லாம் நிறுத்திப் பார்ப்பதும், திரும்பச் சாப்பிட்டு அதுதான் காரணமா என்று உறுதி செய்வதும் உண்டு. நாமே ஊகித்து ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனால் கடைசியில் வெறும் சோறும் மிளகுக் குழம்பும் மிஞ்சும்.

டீ, காப்பிக்கு ஆயா தடை போடவில்லை. நாளுக்கு ஆறு டீ வரும். தண்ணீருக்குப் பதிலாக அதைத்தான் குடித்தேன். பிறந்த குழந்தையின் உடம்பு காஃபினை வெளியேற்ற நாள்கணக்காகும் என்று தெரிந்ததும் இரண்டாகக் குறைத்தேன். "அசதிக்கு நல்லது" என்று ஒரு மூடி பிராந்தியும் வந்தது. இரத்தத்தில் எவ்வளவு சாராயமோ பாலிலும் அவ்வளவு. ஜன்னல் வழியாகக் கீழே ஊற்றினேன். கீழே இருந்த துளசிக்கு என்ன ஆனதோ.

இப்போது விதிவிலக்குகள். ஆயாவின் பத்தியத்தில் ஒன்றரை மாதத்துக்குப் பருப்பு கிடையாது, கடலை கிடையாது. சோறு, பூண்டுக் குழம்பு, கருவாடு. நல்லவேளை எங்கள் வீட்டில் புழுங்கல் அரிசி. நெல்லை உமியோடு வேகவைக்கும்போது மேலே இருக்கிற வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்கும். வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியும் பத்தியமும் சேர்ந்தால் தாய்க்கு பி1 குறையும், பாலிலும் குறையும். குழந்தைக்கு இரண்டு மூன்று மாதத்தில் பெரிபெரி என்கிற நோய் வரலாம். இதயம் திணறும். அழும், சத்தம் வராது. பிள்ளை பெற்றவளின் தட்டைச் சுருக்குகிற வழக்கமும் தீட்டிய அரிசியும் சேர்ந்த காஷ்மீரில் இப்படிக் குழந்தைகளைப் பார்த்து டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். சத்தமில்லாமல் அழுகிற குழந்தை. இதைப் படித்த அன்று ராத்திரி எழுந்து பையன் அழும் வரைக்கும் விழித்திருந்தேன்.

இன்னொன்று பி12. என் ஆபீஸில் கூட வேலை செய்கிறவர், சௌகார்பேட்டையிலிருந்து வருபவர், சுத்த சைவம். அவர் பெண் குழந்தை ஆறு மாதத்தில் சிரிப்பதை நிறுத்தியது. உட்காரத் தொடங்கிய குழந்தை சரிந்தது. கை முட்டியில் கறுப்பு படர்ந்தது. வெளுத்துப்போன முகம். குழந்தைக்கும் தாய்க்கும் பி12 அடிமட்டம். பி12 மீன், முட்டை, கறி, பால் இவற்றில்தான் உண்டு. செடி கொடியில் கிடையாது. தாயிடம் இல்லாவிட்டால் பாலிலும் இல்லை. ஊசி போட ஆரம்பித்துச் சில நாளில் குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது என்று அவர் சொன்னபோது ஆபீஸே அழுதது. அவர் சொன்ன ஒரு விஷயம்: பிரசவத்துக்கு அப்புறம் அவருக்குத் தயிரும் பாலும்கூட "குளிர்ச்சி" என்று மூன்று மாதம் கிடைக்கவில்லை. சைவத்தில் பி12 வருகிற ஒரே வாசலையும் வீட்டார் சாத்திவிட்டார்கள். சைவமாகவே இருந்து மாத்திரை போட்டுக்கொண்டால் போதும், அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அயோடினும் தாயின் சாப்பாட்டைப் பொறுத்ததுதான், அயோடின் உப்பு போட்டுச் சமைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வைட்டமின் டி பாலில் எப்போதுமே போதாது. அதனால்தான் குழந்தைக்கு ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து. எங்கள் சந்தில் வெயில் ஷீட்டின் மேல்தான் விழும், குழந்தை மேல் விழாது.

மற்றபடி சுண்ணாம்புச்சத்து, இரும்பு, துத்தநாகம் இவற்றில் பால் தன் பிடிவாதத்தை விடாது. நான் சாப்பிடாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கும். பால் கொடுக்கும் காலத்தில் தாயின் எலும்பு எடையில் 3 முதல் 5 சதவீதம் வரை குறைந்து, பால் நிறுத்தியபின் திரும்ப ஏறுமாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவளுக்கு வழக்கத்தைவிடத் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும், சுண்ணாம்புச்சத்து 1,200 மில்லிகிராம். 600 கலோரி என்றால் கூடுதலாக ஒரு முழு வேளைச் சாப்பாடு. எனக்கோ இருந்த மூன்று வேளையும் பத்தியத்தில் சுருங்கியிருந்தது. கர்ப்பத்தில் கொடுத்த மாதிரியே பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் இரும்பு மாத்திரையும் சுண்ணாம்பு மாத்திரையும் சுகாதார நிலையத்தில் கொடுத்திருந்தார்கள். குழந்தை வெளியே வந்துவிட்டதே, இனி யாருக்கு என்று அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். எனக்கு. வேறு யாருக்கு?

மூன்றாவது மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. "புள்ள மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்" என்றாள் ஆயா. ஹார்மோன் மாற்றத்தால் பிரசவத்துக்கு மூன்று நாலு மாதத்தில் முடி கொட்டுவதும், குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கும். யாரோ ஒரு ஆயா எப்போதோ சரியாகக் கவனித்திருக்கிறாள். காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டாள்.

அந்த மாதம்தான் மாத்திரைகளை எடுத்தேன். இரும்பையும் சுண்ணாம்பையும் ஒன்றாகப் போடக்கூடாது, சுண்ணாம்பு இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. அதனால் ஒன்று மதியம், ஒன்று ராத்திரி. ஆடி பிறந்ததும் கோயில் கூழ் வந்தது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு. தொட்டுக்கொள்ள முள்ளோடு கடிக்கிற நெத்திலிக் கருவாடு. "கூழு குளிர்ச்சி" என்றாள் ஆயா. ஆத்தா பிரசாதம் என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

ஒருநாள் ராத்திரி பையனை மடியில் போட்டுக்கொண்டு ஆயாவைக் கேட்டேன், ஆறு பிரசவத்திலும் உனக்கு யார் தண்ணி கொடுக்கலை என்று. அவள் மாமியார். மார்கழியில் பெற்றதற்கும் சித்திரையில் பெற்றதற்கும் ஒரே சட்டம். "ராத்திரில எல்லாம் தூங்கினப்புறம் மெதுவா போயி, புள்ள துணி அலசுற அண்டாவுல ஒரு கை அள்ளிக் குடிச்சிருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு பேரும் வளர்ந்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆயாவுக்கு நாற்பது வயதிலேயே பல் ஆடத் தொடங்கி, இடுப்பு வளைந்து, இப்போது குச்சி இல்லாமல் நடக்க முடியாது. அதற்கு இதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் கால் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினேன்.

போன மாதம் என் தம்பி மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். அதே மாடி, அதே ஷீட். படுக்கைக்குப் பக்கத்தில் முக்காலி, அதன் மேல் அதே எவர்சில்வர் சொம்பு, தளும்பத் தளும்பத் தண்ணீர். ஆயா குச்சியை ஊன்றி உட்கார்ந்துகொண்டு அவளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"குடிடி. புள்ள வாய வெக்கும்போதெல்லாம் ஒரு மொடக்கு குடிக்கணும். அந்த நர்சம்மா சொல்லியிருக்கு."

நான் ஒன்றும் பேசாமல் பையில் கொண்டுபோன தயிர் டப்பாவை எடுத்து முக்காலியில் வைத்தேன். ஆயா குச்சியால் அதை ஓரமாகத் தள்ளினாள்.

"தண்ணி குடிக்கட்டும். தயிரெல்லாம் வேணாம், சளி புடிக்கும்."